சனியைப் பிடிப்பது எப்படி: திருகோணமலை முற்றத்தில் கோள்களைப் படமெடுக்க ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் சனிக் கோளின் பக்கம் தொலைகாட்டியைத் திருப்பியது ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. நாள் பார்த்துச் செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்த பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, ஆரைப் பிடிக்கிறீங்கள்?" என்றார்.

"சனியைத்தான் மாமி."

"ஊரே அவற்ற பார்வை படக்கூடாதெண்டு எண்ணெய் எரிக்குது. நீங்கள் ஆளைத் தேடிப் பிடிக்கிறீங்களோ?"

சொல்லிவிட்டு அவரும் கதிரையைப் போட்டு ஏறி நின்று பார்த்தார். "தோடு மாதிரியெல்லோ இருக்கு" என்றார். அந்தத் தோட்டைப் படமெடுத்து அவருக்கு அனுப்பலாமென்று போனை, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டில் வைத்து ஒரு பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. வளையமும் இல்லை, ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது கமராவுக்கு ஏன் தெரியவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

காரணம் இரண்டு. ஒன்று, கறுப்பு வானத்தைப் பார்த்துக் கமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நடுவில் இருக்கும் சின்னக் கோள் வெளிறிப் போய்விடும். இது சின்னப் பிரச்சினை. மற்றது காற்று. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை என்று பஞ்சாங்கத்தில் படித்திருப்பீர்கள். முழு நிலவின் அகலம் ஏறத்தாழ 1800 விகலை. வியாழன் நமக்குக் கிட்ட வரும்போதுகூட 45 முதல் 50 விகலைதான். நிலவின் குறுக்கே 36 முதல் 40 வியாழன்களை வரிசையாக வைக்கலாம். இவ்வளவு சின்ன ஒன்றைப் பெரிதாக்கும்போது, இடையில் இருக்கும் காற்றின் கொதிப்பையும் சேர்த்தே பெரிதாக்குகிறோம். தெளிந்த குளத்தின் அடியில் கிடக்கும் காசு தண்ணீர் அசையும்போது நெளிவது போலக் கோளும் நெளியும். ஒரு படம் எடுத்தால் அது நெளிந்த கணத்தில்தான் அகப்படும்.

அதனால் கோள்களைப் படமெடுப்பவர்கள் படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பத்தாயிரம் பிரேம்கள், அதாவது தனிப் படங்கள். அவற்றில் காற்று கண நேரம் அசையாமல் நின்ற பிரேம்களை ஒரு மென்பொருள் பொறுக்கி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு படமாக்கித் தரும். இனிச் சொல்லப்போவதெல்லாம் அந்த வீடியோவை நல்லதாக எடுக்கும் வழிதான்.

முதலில் நம் வானத்தைப் பற்றி

திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. இதைவிடப் பெரிய வரம் கோள் படமெடுப்பவருக்கு இல்லை. கோள்கள் நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலால் போகின்றன. வியாழனும் சனியும் எவ்வளவு தெற்கே போனாலும் 58 பாகை உயரத்துக்குக் கீழே உச்சம் கொள்வதில்லை. 2018இல் சனி தெற்கே இருந்தபோது இலண்டனில் இருந்தவர்களுக்கு அது 17 பாகை உயரம்கூட ஏறவில்லை. கூரைகளுக்கு மேலே, தடித்த காற்றுக்குள்ளால், ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாக நிறம் பிரிந்து தெரிந்திருக்கும். அதைத் திருத்த அவர்கள் தனியாக ஒரு கருவி வாங்குகிறார்கள். நமக்கு அது தேவையில்லை.

2006இல் வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதை முதலில் கண்டுபிடித்தவர் கிறிஸ்டோபர் கோ என்பவர். பெரிய ஆய்வுகூடம் எதிலும் வேலை செய்தவரல்ல. பிலிப்பைன்ஸின் செபூ நகரில் இருக்கும் ஒரு பொழுதுபோக்கு வானியலாளர். செபூ இருப்பது பத்துப் பாகையில். நம்முடைய அதே வானம், அதே புழுக்கம்.

இன்னொரு நல்ல சேதி, தெருவிளக்கு ஒரு தடையே இல்லை. பால்வீதியைப் படமெடுக்கக் குச்சவெளிக்கு அப்பால் இருட்டுத் தேடிப் போக வேண்டும். வியாழனுக்கு உவர்மலை வீட்டு முற்றம் போதும்.

காலம்தான் கவனிக்க வேண்டியது. ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மாரி மழையும். இடையில் ஓரிரு இரவுகள் கிடைக்கும், அவ்வளவுதான். பெப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கிக் காற்றும் அடங்கும். எனக்கு இந்த மூன்று மாதங்களுக்கு ஈடாக வேறில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. வானம் வெளித்திருக்கும், ஆனால் தொலைகாட்டிக் குழாய் ஆடும். வீட்டின் கிழக்குப் பக்கச் சுவர் மறைப்பில் வைத்துக்கொண்டு, நடுச்சாமத்துக்குப் பிறகு காற்றுத் தணியும் இரவுகளைப் பார்த்து எடுக்கலாம்.

அப்புறம், கண்ணாடி மாதிரித் தெளிந்த கரிய வானம்தான் நல்ல வானம் என்று நினைக்காதீர்கள். நட்சத்திரங்கள் பளிச்சுப் பளிச்சென்று மின்னினால் காற்று கொதிக்கிறது என்று அர்த்தம். மெல்லிய பனிப்புகார் போட்டு, இலை அசையாமல், நட்சத்திரம் மின்னாமல் நிற்கும் இரவில்தான் என் நல்ல படங்கள் எல்லாம் வந்தன.

என்ன தொலைகாட்டி, என்ன கமரா

"675 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் அச்சடித்த 50 மி.மீ. விளையாட்டுக் குழாய்களை வாங்க வேண்டாம். பார்க்க வேண்டியது வாயகலம். 6 அங்குலம், அதாவது 150 மி.மீ. ஆடி கொண்ட நியூட்டன் வகைத் தொலைகாட்டி தொடங்குவதற்குத் தாராளம். அதில் 1200 மி.மீ. குவியத் தூரம், எஃப்/8 (குவியத் தூரத்தை வாயகலத்தால் வகுத்தால் வரும் எண்) என்ற அளவில் வருவது கோள்களுக்கு வாய்ப்பானது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது வரும்போது கொண்டுவரச் சொல்பவர்கள் குழாயின் நீளத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றேகால் மீற்றர் நீளக் குழாயை விமான நிலையத்தில் பார்த்து அதிர்ந்து போனவர்கள் இருக்கிறார்கள்.

தாங்கியில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வழிகாட்டி நூல்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர் எழுதுபவை, அதனால் இதைச் சொல்வதில்லை. துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சைச் சாய்த்து வைக்கும் ஈக்குவட்டோரியல் தாங்கிகள் பலவற்றை எட்டரைப் பாகைக்குத் தாழ்த்த முடியாது. குழாயின் பாரத்தை ஈடுசெய்யும் எதிர்ப்பாரத் தண்டு முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். முக்காலியின் வடக்குக் காலைக் கட்டையாக்கி முழுவதையுமே வடக்கே சாய்த்தும், தெற்குக் கால்களுக்கு மணல் மூட்டை கட்டியும் ஒருவாறு சமாளிக்கலாம். துருவ நட்சத்திரமோ எட்டரைப் பாகை உயரத்தில் யாரோ ஒருவரின் தென்னைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். திசைகாட்டியை வைத்து ஏறத்தாழ வடக்கே திருப்பினால் கோள் வீடியோவுக்கு அது போதும்.

என் அபிப்பிராயம், முதல் தொலைகாட்டிக்கு டொப்சோனியன் பெட்டித் தாங்கியே நல்லது. மோட்டார் இல்லை, மேல் கீழாகவும் பக்கவாட்டிலும் கையால் தள்ள வேண்டும். ஆனால் ஆடாது, பழுதாகாது. அதற்கும் நம் ஊரில் ஒரு குறை உண்டு. நேர் உச்சியில் நிற்கும் கோளை அதால் பின்தொடர்வது கஷ்டம். எந்தப் பக்கம் தள்ளினாலும் சுழலும், போகாது. கோள் 50 பாகையிலிருந்து 75 பாகை வரை ஏறும் நேரத்திலோ, உச்சி தாண்டி இறங்கும் நேரத்திலோ எடுத்துவிடுங்கள். உச்சியில் நிற்கும் நேரத்தைத் தேத்தண்ணிக்கு ஒதுக்கலாம்.

கமரா விடயத்தில் இரண்டு வழி. போனைப் பார்வைத்துண்டோடு பூட்டும் பிடி ஒன்று வாங்கி, வெளிச்சத்தையும் குவியத்தையும் பூட்டிவைத்து வீடியோ எடுப்பது மலிவு வழி. வளையமும் வியாழனின் இரண்டு பட்டிகளும் இதிலேயே வரும். அடுத்த படி, பார்வைத்துண்டின் இடத்தில் நேரே செருகும் சிறு கோள் கமரா. இசட்.டபிள்யூ.ஓ. போன்ற நிறுவனங்கள் செய்பவை. மடிக்கணினியில் யூ.எஸ்.பி. வயரால் இணைத்து ஓட வேண்டும். பெரிய எஸ்.எல்.ஆர். கமரா வைத்திருப்பவர்கள் அதையே பாவிக்க ஆசைப்படுவீர்கள். கோளுக்கு அது அவ்வளவு தோதில்லை. அதன் அகலமான உணரியில் கோள் ஒரு மூலையில் கடுகளவு கிடக்கும்.

குவியத் தூரத்தைக் கூட்ட ஒரு பார்லோ வில்லை தேவை. எத்தனை மடங்கு என்று குழம்ப வேண்டாம். கமராவின் பிக்செல் எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பார்த்து அதை ஐந்தால் பெருக்குங்கள். வரும் எண்தான் உங்களுக்கு வேண்டிய எஃப் எண். 3.75 மைக்ரோன் என்றால் 18 அல்லது 19. எஃப்/8 தொலைகாட்டியில் 2 மடங்கு பார்லோ போட்டால் எஃப்/16, கிட்டத்தட்டச் சரி. அதற்கு மேலே போய் 5 மடங்கு பார்லோ போட்டால் கோள் பெரிதாகும், மங்கலாகவும் ஆகும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை செய்து பார்க்கும் தவறு இது.

இருட்டும் முன்

தொலைகாட்டியை மாலை ஆறு மணிக்கே வெளியே வைத்துவிடுங்கள். விறாந்தையில் இருந்த குழாய் என்றால் அரை மணித்தியாலத்தில் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். ஏ.சி. அறையிலிருந்து எடுத்து வந்தால் கதை வேறு. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, குளிர்ந்த ஆடி சோடாப் போத்தல் மாதிரி நொடியில் வியர்க்கும். துடைக்கப் போகாதீர்கள். அப்படியே விட்டால் தானாகக் காயும்.

வைக்கும் இடம் புல் அல்லது மண் தரையாக இருக்கட்டும். பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்துத் தரையும் மொட்டை மாடியும் சாமம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலால் பார்ப்பதும் அப்படித்தான்.

என் கதை ஒன்று. இரண்டு இரவுகள் தொடர்ந்து வியாழன் கொதி நீரில் விழுந்தது போலத் துடித்தது. ஆடிகளின் நேர் கெட்டுவிட்டது என்று நினைத்து, திருப்புளியை எடுத்து எல்லா ஆணியையும் திருகி, இருந்த நேரையும் கெடுத்தேன். மூன்றாம் இரவுதான் கண்டேன்: கால் கடிக்கிறதென்று குழாயின் வாய்க்கு நேர் கீழே நுளம்புத்திரி கொளுத்தி வைத்திருக்கிறேன். அதன் சூடும் புகையும் நேரே குழாயின் முன்னாலேயே ஏறிப் போயிருக்கின்றன. இப்போது நீளக் காற்சட்டையும் பூசும் களிம்பும்தான்.

ஆடிகளின் நேர் உண்மையில் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வழி சுலபம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் குவியத்தைச் சற்றுக் கலையுங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். எல்லாம் ஒரே மையத்தில் இருந்தால் சரி. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பின்னால் உள்ள மூன்று ஆணிகளில் ஒன்றைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றென்று திருகி மையத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டோவில் குலுங்கியபடி வீட்டுக்கு வந்த தொலைகாட்டிக்கு இது ஒவ்வொரு முறையும் தேவைப்படும்.

குழாயின் முதுகில் இருக்கும், கோளைத் தேடிப் பிடிக்க உதவும் சின்ன ஃபைண்டரையும் வெளிச்சம் இருக்கும்போதே நேராக்கிவிடுங்கள். தூரத்துத் தொலைபேசிக் கோபுரம், தண்ணீர்த் தாங்கி ஏதாவது ஒன்றின் உச்சி பெரிய குழாயிலும் சின்னக் குழாயிலும் நடுவில் வர வேண்டும். சூரியன் நிற்கும் பக்கம் மட்டும் குழாய் போகவே கூடாது, கண் ஒரு கணத்தில் போய்விடும். கடற்படை முகாம் இருக்கும் பக்கமும் நீட்டாமல் இருப்பது புத்தி. விளக்கம் சொல்லியே இரவு முடிந்துவிடும்.

கோளைத் திரைக்குள் கொண்டுவருதல்

முதல் முறை இதுதான் ஆளை அழவைக்கும். மேலே சொன்ன ஏற்பாட்டில் கமரா பார்க்கும் வானத்தின் அகலம் ஏழு கலைக்குச் சற்றுக் குறைவு, நிலவின் கால்வாசிகூட இல்லை. முதலில் பார்வைத்துண்டைப் போட்டுக் கோளை நட்ட நடுவில் நிறுத்துங்கள். பிறகு எதையும் தட்டாமல் பார்வைத்துண்டை எடுத்துவிட்டுக் கமராவைச் செருகுங்கள். திரை கறுப்பாகவே இருந்தால், கமராவின் ஒளி உணர்வைக் கூட்டும் கெயினை முழுக்கக் கூட்டுங்கள். குவியம் கலைந்த கோள் பெரிய மங்கல் வட்டமாக எங்காவது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். புதியவர்கள் ஓரிரு நாள் நிலவில் பழகிவிட்டு வருவது நல்லது, அதைத் தவறவிட முடியாது.

பூமி சுழல்வதால் கோள் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. மோட்டார் இல்லாத டொப்சோனியனில் திரையின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக அதற்கு 27 நொடி. ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கையை எடுங்கள், அது தானாகக் கடந்து போகட்டும். திரும்பவும் ஓரம், திரும்பவும் விடுதல். ஏழெட்டு முறை செய்தால் மூன்று நிமிட வீடியோ சேர்ந்துவிடும்.

குவியம் பிடிப்பதுதான் படத்தின் உயிர். குமிழைத் தொட்டாலே படம் ஆடுவதால் எது கூர்மை என்று தெரியாது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குமிழில் கவ்வவிடுங்கள். கிளிப்பின் வால் நுனியை ஒற்றை விரலால் தள்ளினால் குமிழ் மயிரிழை அளவு திரும்பும், குழாய் ஆடாது. வியாழன் என்றால் அதன் நிலவுகளைப் பாருங்கள். கலிலியோ 1610இல் கண்ட அதே நான்கு. அவை ஊசி முனையாகும் இடம்தான் குவியம். சனி என்றால் வளையத்தின் இரு காதுகளிலும் உள்ள கறுப்பு இடைவெளியைப் பாருங்கள். சரியான இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, நடுவில் நிறுத்துங்கள். ஒவ்வொரு அரை மணிக்கும் திரும்பப் பாருங்கள்.

பதிவு

மடிக்கணினியில் பதிய ஷார்ப்கேப் அல்லது ஃபயர்கேப்சர் என்ற மென்பொருள் போதும். பதியும் கட்டத்தை 640க்கு 480 பிக்செல் என்று சுருக்குங்கள். கட்டம் சிறுத்தால் நொடிக்கு வரும் பிரேம்கள் கூடும். டொப்சோனியன்காரர் மட்டும் முழு அகலத்தையும் வைத்திருக்க வேண்டும். வியாழனுக்கு எக்ஸ்போஷர், அதாவது ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரம், 10 முதல் 15 மில்லிசெக்கன். சனி மங்கலானது, 25 முதல் 35 வரை போகும். செவ்வாய்க்கு 5க்கும் குறைவாகவே போதும். எக்ஸ்போஷரை முதலில் முடிவுசெய்துவிட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் 60-70 சதவீதத்துக்கு வரும்வரை கெயினைக் கூட்டுங்கள். திரையில் படம் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு தெரியும். பயப்படாதீர்கள், அடுக்கும்போது அது அழிந்துவிடும். வெளிறிப் போன பிரேமை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

எவ்வளவு நேரம் பதியலாம்? வியாழன் தன்னைத்தானே 9 மணி 55 நிமிடத்தில் சுற்றிவிடுகிறது. அதன் நடுவில் இருக்கும் ஒரு புள்ளி நிமிடத்துக்குக் கால் விகலை நகரும். 6 அங்குல ஆடியால் பிரித்துக் காட்ட முடிந்தது முக்கால் விகலை. ஆகவே மூன்று நிமிடம். அதற்கு மேல் போனால் படம் குழம்பும். சனிக்கும் செவ்வாய்க்கும் ஐந்து நிமிடம் வரை விடலாம். மூன்று நிமிடம், நொடிக்கு 70 பிரேம் என்றால் 12,600 பிரேம், ஏறத்தாழ 4 ஜிகாபைட். எஸ்.ஈ.ஆர். என்ற வீடியோக் கோப்பு வடிவில் பதியுங்கள், டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வீடியோவோடு எழுந்து போகாதீர்கள். பத்து எடுத்தால் இரண்டில் காற்று இரங்கியிருக்கும்.

வியாழனின் பெரிய சிவப்புப் புயலான செம்புள்ளி வேண்டுமென்றால் அது நம் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்பட மென்பொருளில் முதலே பார்த்து வையுங்கள்.

அடுக்குதல்

ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருளில் வீடியோவைத் திறந்து, கோள் என்ற தெரிவைக் கொடுத்து, ஆராயச் சொல்லுங்கள். எல்லாப் பிரேமையும் தரப்படி வரிசைப்படுத்தி ஒரு கோடு வரைந்து காட்டும். கோடு எங்கே சரியத் தொடங்குகிறதோ அதுவரை எடுத்தால் போதும். நல்ல இரவில் 30 சதவீதம், சுமாரான இரவில் 10. கோளின் மேல் பொருத்துப் புள்ளிகளைத் தானாகப் போடச் சொல்லி, அடுக்கு பொத்தானை அழுத்துங்கள். வெளியே வரும் படம் மென்மையாக, பஞ்சு மாதிரி இருக்கும். இதற்குத்தானா இவ்வளவு பாடு என்று தோன்றும்.

அதை ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில் திறந்து, கூர்மையைக் கூட்டும் வேவ்லெட் பட்டையை மெல்ல மெல்ல இழுங்கள். பஞ்சுக்குள்ளிருந்து பட்டிகள், பட்டிகளுக்குள் முடிச்சுகள், நிலவின் நிழல் விழுந்திருந்தால் மைப்புள்ளி போல அதுவும் எழுந்து வரும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நிறத்தைச் சமப்படுத்தும் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். கோளின் விளிம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வந்தால் கூர்மையைக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். பின்னுக்கு வாருங்கள். இரவே முடிக்காமல் அடுத்த நாள் காலையில் ஒருமுறை பாருங்கள். சாமத்தில் அழகாகத் தெரிந்தது பல நாட்களில் காலையில் அசிங்கமாகத் தெரியும்.

கோப்பின் பெயரில் திகதியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள், உலக நேரத்தில். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். 2009இல் வியாழனில் ஏதோ மோதிய கறுப்பு வடுவை முதலில் கண்டவர் ஆஸ்திரேலியாவில் தன் வீட்டிலிருந்து படமெடுத்த அந்தனி வெஸ்லி. நேரம் எழுதாத படம் அப்படியொரு நாளில் யாருக்கும் உதவாது.

வைக்கும் விதம்

கடற்காற்றின் உப்பு ஆடியைத் தின்னும், புழுக்கம் பார்லோவுக்குள் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். வில்லைகளையும் கமராவையும் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். குழாயின் இரு வாயையும் மூடுங்கள். என் குழாய்க்குள் ஒரு பல்லி முட்டையிட்டிருந்தது. ஆடியில் தூசி இருந்தால் இருக்கட்டும். உப்புப் படிந்து மங்கினால் மட்டும் கழற்றி, வடித்த நீரை ஊற்றிக் கழுவிச் சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் துணியும் வேண்டாம்.

நாட்கள்

கோள் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும் நாளையொட்டிய ஓரிரு மாதங்களில்தான் அது பெரிதாகவும் இரவு முழுக்கவும் தெரியும். 2027 பெப்ரவரி 10ஐ ஒட்டி வியாழனும், 19இல் செவ்வாயும் அப்படி நிற்கின்றன, இரண்டும் சிம்ம விண்மீன் கூட்டத்தில், மாரி முடிந்து கடல் அடங்கும் நேரத்தில். செவ்வாய் இந்த முறை 14 விகலைகூட வராது, அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வியாழனுக்கு நேரத்தை ஒதுக்குங்கள்.

சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும்படி நின்றது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்து வருகிறது. 2026இல் சனி எதிரே நிற்பது ஒக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை. மாரிக்கு முந்திய காலம், பின்னேரத்தில் இடிமழை வந்தாலும் இரவில் வெளிக்க வாய்ப்புண்டு. நடுச்சாமத்தில் அது 83 பாகையில் இருக்கும் என்பதால் நான் ஒன்பது மணிக்கே தொடங்கிவிடுவேன். அதற்கு முதல் நாள் புரட்டாதிச் சனிக்கிழமை. மாமி கோயிலால் வரும்போது எட்டு மணியாகும், அதற்குள் கதிரையைப் போட்டு வைக்க வேண்டும்.